மெஷினில் கை மாட்டினால்: தொழிலாளர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

என் வலது கை ஆள்காட்டி விரலில் மேல் கணு இல்லை. கோவைப் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில், தகட்டை அடித்து வடிவாக்கும் பவர் பிரஸ்ஸில் போனது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் முதலாளியின் மைத்துனர் சொல்லிக் கொடுத்ததை அப்படியே டாக்டரிடம் ஒப்பித்தேன்: "வீட்டுல கிரைண்டர்ல மாட்டிக்கிச்சு." அந்த ஒரு வரி சீட்டில் ஏறியதோடு என் கேஸ் முடிந்தது. கையில் வந்தது கட்டுக்கு ஆன செலவு மட்டும்தான். அதற்குப் பிறகு, கையில் அடிபட்டவர்களுடன் இ.எஸ்.ஐ. (சம்பளத்தில் பிடித்துக் கட்டும் தொழிலாளர் காப்பீடு) அலுவலகத்துக்கும் தொழிலாளர் துறைக்கும் நடப்பதே எனக்குப் பாதி வேலையாகிவிட்டது. அங்கே திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளைத் தமிழ்நாட்டில் வேலை பார்க்கிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

விரல் துண்டாகிவிட்டது. உடனே என்ன செய்வது?

முதலில் மெஷினை நிறுத்துங்கள். கை உள்ளே மாட்டியிருந்தால் இழுக்காதீர்கள். இழுத்தால் தோலும் நரம்பும் சேர்ந்து உரிந்து வந்துவிடும். ரோலரையோ டையையோ (தகட்டை வடிவாக்கும் அச்சு) கழற்றித்தான் கையை எடுக்க வேண்டும்; மெயின்டனன்ஸ் ஆளைக் கூப்பிடுங்கள், அதே நேரத்தில் இன்னொருவர் 108-க்கு அடிக்கட்டும்.

சுத்தமான துணியைக் காயத்தின்மேல் வைத்து அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வையுங்கள். பெரும்பாலான விரல் காயங்களில் ரத்தம் இதற்கே அடங்கும். மணிக்கட்டில் கயிறு போட்டு இறுக்குவதைப் பல இடங்களில் பார்க்கிறேன். அழுத்தியும் நிற்காமல் உயிருக்கே ஆபத்து என்கிற அளவுக்கு ரத்தம் போனால் தவிர அது வேண்டாம். வீங்குவதற்குள் மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். காப்பித்தூள், மஞ்சள் தூள், கிரீஸ், எதையும் காயத்தில் வைக்காதீர்கள். டாக்டர் அதை எல்லாம் சுரண்டி எடுத்த பிறகுதான் காயத்தையே பார்க்க முடியும். மயக்கமாக வருகிறது என்று டீ வாங்கிக் கொடுப்பது நம் ஊர் அன்பு. ஆனால் கொஞ்ச நேரத்தில் மயக்க மருந்து கொடுத்து ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கும், வயிறு காலியாக இருப்பது நல்லது.

துண்டான விரலை எப்படி எடுத்துப் போவது?

இதில் ஏற்படும் தவறால் மட்டுமே ஒட்ட முடியாமல் போன விரல்கள் எத்தனையோ. ஐஸில் நேராகப் போட்டு எடுத்து வருகிறார்கள். ஐஸ் பட்ட திசு உறைந்து செத்துவிடும்.

விரலில் உள்ள அழுக்கை சலைனிலோ சுத்தமான தண்ணீரிலோ லேசாகக் கழுவுங்கள், தேய்க்க வேண்டாம். ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுத் தண்ணீர் புகாதபடி கட்டுங்கள். அந்தக் கவரை, ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு கவருக்குள் வையுங்கள். இப்படிக் குளிர்ச்சியாக வைத்த விரலை ஒட்ட, டாக்டர்களுக்கு ஏறக்குறைய 24 மணி நேரம்வரை வாய்ப்பு இருக்கிறது. அப்படியே வெளியில் கிடந்தால் ஏறக்குறைய 12 மணி நேரம். மணிக்கட்டுக்கு மேலே போன கை என்றால் கதை வேறு: அதில் சதை அதிகம், சுமார் 6 மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டம் திரும்பியாக வேண்டும்.

நசுங்கிப்போனதை எடுத்துப் போய் என்ன ஆகப்போகிறது என்று பிரஸ் அடியிலேயே விட்டுவிடாதீர்கள். ஒட்ட முடியாவிட்டாலும் அதிலிருந்து தோலை எடுத்து வைக்க முடியும். எது உதவும், எது உதவாது என்பதை டாக்டர் சொல்லட்டும்.

ரத்தமே வரவில்லை, ஊசி குத்திய மாதிரி ஒரு ஓட்டைதான். ஆஸ்பத்திரி போக வேண்டுமா?

கிரீஸ் கன், பெயின்ட் ஸ்ப்ரே கன், ஹைட்ராலிக் ஹோஸ் இவற்றில் அடிபட்டிருந்தால், அந்த நிமிடமே போக வேண்டும். அழுத்தத்தில் பீய்ச்சிய கிரீஸோ பெயின்ட்டோ விரல் நுனியில் நுழைந்து உள்ளங்கை வரை பரவியிருக்கும். முதல் ஒரு மணி நேரம் வலிகூடப் பெரிதாகத் தெரியாது. ராத்திரிக்குள் விரல் வீங்கி வெளுத்துவிடும். சில மணி நேரத்துக்குள் திறந்து சுத்தம் செய்யாவிட்டால் விரலையே எடுக்க வேண்டிவரும். மருந்துக்கடையில் ஊசி போட்டுக்கொண்டு மறுபடி ஷிப்ட்டுக்குப் போகிற காயம் இல்லை இது.

அதேபோல, நசுங்கிய கையில் தோல் கிழியாமல் வீக்கம் மட்டும் ஏறிக்கொண்டே போய், விரலை நீட்டினாலே உயிர் போகிற வலி என்றால் அதுவும் அவசரம்தான்.

எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது?

இ.எஸ்.ஐ. இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவசரத்துக்கு முதலில் பக்கத்தில் உள்ள ஆஸ்பத்திரி. அங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "மைக்ரோ சர்ஜரி செய்கிற பிளாஸ்டிக் சர்ஜன் இருக்கிறாரா?" இல்லையென்றால் கட்டுப்போட்டு உடனே அனுப்பச் சொல்லுங்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அறுவைச் சிகிச்சை நிபுணர் ஆர். வெங்கடசாமி 1971-ல் தொடங்கி வைத்தது. வடசென்னைத் தொழிற்பேட்டைகளில் கை போன எத்தனையோ பேர் அங்கே கையோடு திரும்பியிருக்கிறார்கள். இ.எஸ்.ஐ. உறுப்பினர் அவசரத்துக்குத் தனியாரிடம் போனால் செலவைத் திரும்பக் கேட்க வழி உண்டு. பில், டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே எதையும் தொலைக்காதீர்கள்.

"வீட்டில் அடிபட்டது என்று சொல், எல்லாச் செலவும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்கிறார்கள். சொல்லலாமா?

கூடாது. என் அனுபவத்தை மேலே சொன்னதே இதற்காகத்தான்.

ஆஸ்பத்திரியில் முதலில் எழுதுவது விபத்துப் பதிவேடு. நம் ஊரில் ஏ.ஆர். காப்பி என்போம். எப்போது, எங்கே, எப்படி அடிபட்டது என்று நீங்கள் சொல்வதை டாக்டர் அதில் எழுதுவார். இரண்டு வருடம் கழித்து விசாரணை நடக்கும்போது எல்லோரும் திருப்பிப் பார்க்கிற முதல் காகிதம் அதுதான். "இன்று மதியம் 3 மணிக்கு, இந்தக் கம்பெனியில், பிரஸ்ஸில் வேலை செய்யும்போது" என்று தெளிவாகச் சொல்லுங்கள். பேசுகிற நிலையில் இல்லையென்றால் கூட வருகிறவர் சொல்லட்டும். கம்பெனி ஆள் மட்டுமே கூட வருகிறார் என்றால் வீட்டிலிருந்து ஒருவரை உடனே வரச் சொல்லுங்கள்.

நல்ல மனதோடு செலவு செய்கிற முதலாளிகளும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் கட்டுவது ஆஸ்பத்திரி பில்லை. விரல் இல்லாமல் இன்னும் 30 வருடம் உழைக்கப்போவது நீங்கள்.

ஏற்கெனவே தவறாகச் சொல்லிவிட்டீர்களா? இன்றைக்கே, நடந்ததை உள்ளபடி ஒரு தாளில் எழுதி, ஆஸ்பத்திரிக்கும் கம்பெனிக்கும் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். யார் அப்படிச் சொல்லச் சொன்னார்கள் என்பதையும் எழுதுங்கள். ஒரு வாரத்துக்குள் எழுதிய கடிதத்துக்கும் ஒரு வருடம் கழித்து எழுதிய கடிதத்துக்கும் விசாரணையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

எனக்கு இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறது. என்ன கிடைக்கும்?

10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலையில், மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. பொருந்தும். வேலையில் ஏற்படும் காயத்துக்கு இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உரிமை உண்டு.

வைத்தியம் இலவசம். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சராசரிச் சம்பளத்தில் 90 சதவீதம் தற்காலிக ஊன உதவித்தொகையாக வரும். விபத்து நடந்த நாளைத் தவிர்த்துக் குறைந்தது 3 நாளாவது வேலைக்குப் போக முடியாமல் இருக்க வேண்டும். இதற்கு இ.எஸ்.ஐ. டாக்டர் தரும் சர்டிபிகேட் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். நடுவில் ஒரு வாரம் விட்டால் அந்த வாரப் பணம் போச்சு.

காயம் ஆறி, இனி இவ்வளவுதான் என்ற நிலை வந்ததும் மருத்துவக் குழு உங்கள் கையைப் பார்த்து, சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போயிற்று என்று முடிவு செய்யும். அந்தச் சதவீதத்துக்கு ஏற்ற தொகை மாதாமாதம், ஆயுள் முழுக்க வரும். மாதம் 18,000 வாங்கியவருக்குக் கட்டைவிரல் முழுதும் போய் 30 சதவீதம் என்று வைத்தால், 18,000-ல் 90 சதவீதம் 16,200. அதில் 30 சதவீதம் 4,860 ரூபாய். மறுபடி வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கினாலும் இது நிற்காது. தானாகக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்து இந்தக் கட்டத்தைத் தவறவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கடைசி சர்டிபிகேட் வாங்கிய கையோடு மருத்துவக் குழுவுக்கு அனுப்பச் சொல்லி மனு கொடுங்கள். சதவீதம் குறைவு என்று தோன்றினால் மேல்முறையீடு உண்டு.

ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: இ.எஸ்.ஐ. வரம்புக்குள் இருப்பவர் அதே காயத்துக்கு முதலாளியிடம் தனியாக இழப்பீடு கேட்க முடியாது.

விபத்து நடந்த பிறகுதான் என் பெயரை இ.எஸ்.ஐ.யில் சேர்த்தார்கள். செல்லுமா?

இது தமிழ்நாட்டில் மட்டும் நடப்பதில்லை. ஹரியானாவின் மானேசர், குர்கான் பகுதி வாகன உதிரிபாகக் கம்பெனிகளில் விரல் இழந்தவர்களைப் பற்றி 'சேஃப் இன் இந்தியா' அமைப்பு 2019 முதல் வெளியிட்டுவரும் அறிக்கைகளிலும் இதே கதைதான்: அடிபட்ட பிறகு கைக்கு வரும் கார்டு.

கம்பெனி இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வருவதாக இருந்தால், அவர்கள் பதிவு செய்யாதது உங்கள் குற்றமாகாது. ஆனால் நீங்கள் அன்றைக்கு அங்கே வேலையில் இருந்தீர்கள் என்று காட்ட வேண்டும். கேட் பாஸ், வருகைப் பதிவு, சம்பளம் ஏறிய பேங்க் பாஸ்புக், ஜிபே தகவல், சூப்பர்வைசர் ஷிப்ட்டுக்கு வரச் சொன்ன வாட்ஸப் மெசேஜ், பக்கத்து மெஷினில் நின்றவரின் சாட்சி, எல்லாம் உதவும். போனை மாற்றும் முன் இவற்றை வேறு இடத்தில் சேமித்து வையுங்கள்.

நாலு பேர் மட்டும் வேலை செய்யும் பட்டறை. இ.எஸ்.ஐ. கிடையாது. அப்புறம்?

அங்கே முதலாளியே இழப்பீடு தர வேண்டும். 1923-ம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலிருந்தே வருகிற கடமை இது. கணக்கு இப்படி: மாதச் சம்பளத்தில் 60 சதவீதம், அதை வயதுக்கு உரிய காரணி எண்ணால் பெருக்க வேண்டும், வருவதில் ஊனச் சதவீதம். கணக்குக்கு எடுக்கும் சம்பளத்துக்கு உச்சவரம்பு 2020 ஜனவரியில் 15,000 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. 30 வயதுக்குக் காரணி 207.98. ஆக 15,000-ல் 60 சதவீதம் 9,000; 207.98-ஆல் பெருக்கினால் 18,71,820. கட்டைவிரல் போனவருக்கு அதில் 30 சதவீதம், 5,61,546 ரூபாய். வைத்தியச் செலவு இதற்கு மேல் தனி.

"கட்டுக்கு ஆனதைக் கொடுத்துட்டேன், கூட 20,000 வச்சுக்கோ" என்று சொல்பவரிடம் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டுங்கள். ஒரு மாதத்துக்குள் தராமல் இழுத்தால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. நியாயமான காரணமின்றி இழுத்திருந்தால் தொகையில் பாதிவரை அபராதமும் சேரும்.

எந்த விரலுக்கு எத்தனை சதவீதம்?

சட்ட அட்டவணைப்படி ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14, நடுவிரல் 12, மோதிர விரலோ சுண்டு விரலோ 7. ஆள்காட்டி விரலில் ஒரு கணு மட்டும் என்றால் 9. எலும்பு போகாமல் நுனிச் சதை மட்டும் போனால் 5. கட்டைவிரலின் மேல் கணு 20, முழுக் கட்டைவிரல் 30. ஒரே கையில் இரண்டு விரல் 20, மூன்று விரல் 30, நான்கு விரல் 50. ஒரு கை முழுதும் 60. இரண்டு கையும் என்றால் 100. அட்டவணை வலது, இடது பார்ப்பதில்லை. விரல் இருந்தும் அடியோடு செயலற்றுப் போயிருந்தால் அது போனதாகவே கணக்கு.

ஆனால் அட்டவணையோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை. ஒடிசாவில் ஒரு தச்சர் வேலையில் விழுந்து இடது கையை முழங்கைக்கு மேலே இழந்தார். அட்டவணைப்படி 70 சதவீதம்தான் என்று முதலாளி வாதாடினார். ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே அவருக்கு 100 சதவீத இழப்பு என்று, இழப்பீட்டு மனுக்களை விசாரிக்கும் ஆணையர் கொடுத்த தீர்ப்பை 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. இழப்பீடு விபத்து நாளிலிருந்தே தர வேண்டியது என்றும் சொன்னது. அதனால் விசாரணையில் "எனக்கு விரல் போச்சு" என்பதோடு நிறுத்தாதீர்கள். டை செட்டிங்கா, வெல்டிங்கா, தையலா, என்ன வேலை செய்தீர்கள், அதில் அந்த விரல் எதற்குத் தேவை, இப்போது எது முடியவில்லை என்று விவரமாகச் சொல்லுங்கள்.

மாற்றுத் திறனாளி அடையாள அட்டைக்குப் போடும் சதவீதம் வேறு, இது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

"உன் கவனக்குறைவுதான் காரணம்" என்கிறார்கள். இழப்பீடு கிடைக்காதா?

கிடைக்கும். தூக்கக் கலக்கத்தில், அவசரத்தில், கை தவறி நடந்ததெல்லாம் இழப்பீட்டை மறுக்கக் காரணமே இல்லை. குடித்திருந்தது, தெளிவாகச் சொல்லப்பட்ட பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியது, பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே கழற்றியது, இவற்றை முதலாளி நிரூபித்தால்தான் மறுக்க முடியும். அதுவும் மரணமோ முழு நிரந்தர ஊனமோ ஏற்பட்டால் அந்தக் காரணமும் எடுபடாது. டார்கெட் ஓடவில்லை என்று, கை உள்ளே இருந்தால் மெஷினை நிறுத்தும் சென்சாரை ஆஃப் செய்யச் சொன்னது சூப்பர்வைசர் என்றால், அதை நீங்கள் "வேண்டுமென்றே" செய்ததாக எப்படிச் சொல்ல முடியும்? யார், என்றைக்குச் சொன்னார் என்று குறித்து வையுங்கள்.

"பெடலை மிதிக்கவே இல்லை, பிரஸ் தானா ரெண்டாவது அடி அடிச்சிருச்சு." யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்களே?

நான் நம்புகிறேன், எனக்கு நடந்ததும் அதுதான். பழைய பிரஸ்களில் ப்ளைவீலையும் (சுற்றிக்கொண்டே இருக்கும் கனமான சக்கரம்) அடியை இறக்கும் ஷாஃப்ட்டையும் ஒரு கீ சேர்த்துப் பிடிக்கும். பிடித்துவிட்டால் ஒரு முழுச் சுற்று சுற்றித்தான் விடும், நடுவில் நிறுத்த முடியாது. அந்தக் கீ தேய்ந்தாலோ, அதன் ஸ்பிரிங் ஒடிந்தாலோ, விடவேண்டிய இடத்தில் விடாமல் அடுத்த சுற்றும் சுற்றிவிடும். கை அப்போது டைக்குள் பீஸை எடுத்துக்கொண்டிருக்கும். இந்த வகை பிரஸ்ஸில் லைட் சென்சார் மாட்டியும் பயனில்லை, ஏனென்றால் சென்சார் சொன்னாலும் அது நிற்காது. கை உள்ளே போகவே முடியாதபடி டையைச் சுற்றித் தடுப்பு வைத்து அடைப்பதும், பீஸை எடுக்க இடுக்கி கொடுப்பதும்தான் வழி. ஆபத்தான பாகங்களுக்கு மறைப்பு போடுவது முதலாளியின் சட்டக் கடமை. 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 21-வது பிரிவிலேயே இருந்தது இது.

மெஷினை இரவோடு இரவாகப் பழுது பார்த்துவிடுவார்கள். அதனால் நண்பர் ஒருவரிடம் சொல்லி மெஷினை அன்றே படம் எடுக்கச் சொல்லுங்கள். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கும் புகார் அனுப்புங்கள். ஆய்வாளர் அறிக்கை உங்கள் பக்கம் பேசும், அடுத்து அந்த மெஷினில் நிற்கப்போகிற பையனையும் காப்பாற்றும்.

கையுறை போட்டிருந்தால் தப்பியிருக்கலாம் என்பார்கள் சிலர். தகடு தூக்க, கண்ணாடி தூக்க கையுறை வேண்டும். ஆனால் டிரில், லேத் போன்ற சுற்றும் மெஷினில் கையுறைதான் முதலில் மாட்டும், கையையும் இழுத்துக்கொண்டு போகும்.

நான் கான்ட்ராக்டர் ஆள். கம்பெனி "எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்கிறது.

கம்பெனியின் வழக்கமான வேலையை, கம்பெனி இடத்தில் செய்தீர்கள் என்றால் கம்பெனியிடமே கேட்கலாம். கான்ட்ராக்டரிடம் வசூலிப்பது அவர்கள் பாடு. பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவர்களுக்கும் இதே சட்டம், இதே தொகை. ஊருக்குத் திரும்பிவிட்டால் வசிக்கும் இடத்தில் உள்ள ஆணையரிடமும் மனு போடலாம். உங்கள் அறையில் தங்கியிருக்கும் வடமாநிலத் தம்பிக்கு இதைப் படித்துச் சொல்லுங்கள். அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஏதோ தாளில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள்.

இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதும் ஒப்பந்தம் செல்லாது. வெறும் தாளில் கையெழுத்துப் போட்டிருந்தாலும் பயந்து ஒதுங்க வேண்டாம். எந்தத் தேதியில், யார் வாங்கினார்கள் என்று உடனே எழுத்தில் தெரிவியுங்கள். இனிமேல் எதில் கையெழுத்துப் போட்டாலும் அதை முதலில் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

சிகிச்சையில் இருக்கும்போது வேலையை விட்டு நிறுத்தலாமா?

இ.எஸ்.ஐ. தற்காலிக ஊன உதவி வாங்கும் காலத்தில் நிறுத்தக் கூடாது. அதற்குப் பிறகுதான் சிக்கல். கையில் ஊனம் வந்த ஊழியரை வெளியேற்றக் கூடாது என்று 2016-ம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்வது அரசு நிறுவனங்களுக்கு. தனியாரில் அந்த அளவுக்குப் பாதுகாப்பு இல்லை. சங்கம் இருக்கிற இடத்தில் பேசி மாற்று வேலை வாங்கித் தருகிறோம். இது சட்டத்தில் உள்ள பெரிய ஓட்டை என்றே நினைக்கிறேன்.

எங்கே, எத்தனை நாளுக்குள் மனு கொடுப்பது? வக்கீலுக்குப் பணம் இல்லையே?

இ.எஸ்.ஐ. என்றால் உங்கள் கிளை அலுவலகம். மற்றவர்கள் தொழிலாளர் துணை ஆணையர் அலுவலகத்தில், அவர்தான் இழப்பீட்டு ஆணையர். விபத்து நடந்து 2 வருடத்துக்குள் மனு போட வேண்டும். தொழிற்சாலைத் தொழிலாளிக்கு இலவசச் சட்ட உதவி பெற உரிமை இருக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். வரும் பணத்தில் பாதி எனக்கு என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே பேரம் பேசும் புரோக்கர்களிடம் அசல் காகிதங்களைக் கொடுத்துவிடாதீர்கள்.

புதுச் சட்டம் வந்துவிட்டதே, இதெல்லாம் பொருந்துமா?

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. இ.எஸ்.ஐ.யும் இழப்பீடும் இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் இருக்கின்றன. அடிப்படை உரிமைகள் தொடர்கின்றன. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நடக்கும் விபத்து, வேலையோடு தொடர்புடையது என்றால் இழப்பீட்டுக்கு உரியதாகும். எல்லோருக்கும் பணி நியமனக் கடிதம் தர வேண்டும் என்பதும் சட்டமாகியிருக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். அந்தக் கடிதம் முன்பே இருந்திருந்தால் நான் பார்த்த கேஸ்களில் பாதிக்கு விசாரணையே தேவைப்பட்டிருக்காது.

கை மறுபடி பழைய மாதிரி வேலை செய்யுமா?

ஆபரேஷன் பாதி, பிசியோதெரபி பாதி. தசைநாண் தைத்த விரலுக்கு ஏறக்குறைய 6 வாரம் ஸ்பிளின்ட் (விரலைத் தாங்கிப் பிடிக்கும் பட்டை) இருக்கும், 3 மாதம் வரை கனமாக எதையும் தூக்கக் கூடாது. அதற்குள் சும்மா வைத்திருந்தால் விரல் விறைத்துவிடும். சொல்லிக் கொடுத்த பயிற்சியை, சொன்ன அளவு, தினமும் செய்ய வேண்டும். ஒட்டிய விரல் இருப்பவர் பீடி, சிகரெட்டைத் தொடவே கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து வேறு யாரும் பிடிக்கவும் கூடாது. புகை மெல்லிய ரத்தக்குழாய்களைச் சுருக்கி, ஒட்டிய விரலைக் கருக்கிவிடும்.

இல்லாத விரல் வலிக்கும், அரிக்கும். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், டாக்டரிடம் சொன்னால் மருந்து உண்டு. கல்யாண வீட்டில் கையைப் பாக்கெட்டிலேயே வைத்திருப்பது, குழந்தையைத் தூக்கத் தயங்குவது, ராத்திரி பிரஸ் சத்தம் கேட்டு விழிப்பது எல்லாம் எனக்கும் இருந்தது. ஆறு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. அதே ஆஸ்பத்திரி வராந்தாவில் தெரபிக்குக் காத்திருந்த, மூன்று விரல் போன ஒரு அண்ணன்தான் என் கையைப் பிடித்துப் பார்த்து, "சோறு பிசையறியா?" என்று கேட்டார். இல்லை, ஸ்பூனில் சாப்பிடுகிறேன் என்றேன். "நாளையிலேர்ந்து இந்தக் கையில பிசை, அதான் உனக்கு முதல் தெரபி" என்றார்.